தாமரையை மட்டும் அனுப்பியவள்

மார்ச் 2, 1936. ஜிங்தேஜென், சீனா.
மழை. நான்சாங் அரிசி மண்டிக்காரரின் தாயாருக்கு எண்பது வயதாகிறதாம். பரிசுக்கு ஒரு பீங்கான் ஜாடி, அதில் கடல் தாண்டும் எட்டுச் சித்தர்கள். எங்கள் பட்டறையில் லியாவ் அண்ணன் உருவத்தைக் கோடு போடுவார். உடைக்கு ஒருவர், அலைக்கு ஒருவர், முகத்துக்கு நான். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் வரைந்தாலும் பாங் முதலாளிக்கு நெஞ்சு வலி வந்துவிடும். ஒரே ஒரு ஜாடியை முழுதாக வரைந்து அடியில் என் பெயரை எழுத வேண்டும் என்று பதினோரு வருடமாகக் கேட்கிறேன். "பாக்கலாம்மா சுன்யீ" என்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மார்ச் 5
ஏழு முகம் முடித்தேன். எட்டாவது முகத்துக்கு ஆளைக் காணோம். சித்தர்களில் இருப்பதே ஒரு பெண், தாமரை ஏந்திய ஹே தேவி. மறந்தது அவளைத்தான்! லியாவ் அண்ணனிடம் சொன்னேன்.
"முகம் வரையறவ முகத்தைப் பாரு. எண்ண எனக்குத் தெரியும்."
முதலாளியும், "அண்ணன் தப்புப் பண்ணுவாரா?" என்றார்.
நல்லது. முகத்தை மட்டும் பார்த்தேன்.

மார்ச் 9
ஜாடி சூளையிலிருந்து வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். யாரும் எண்ணவில்லை.

மார்ச் 10
முதலாளியின் மனைவி எண்ணிவிட்டார்.
பிறந்தநாள் வீட்டுக்கு ஏழு பேர் போனால், எட்டாவது ஆள் கிழவியை வாழ்த்த மறுத்துவிட்டதாக அர்த்தம். மூன்று நாளில் மண்டிக்காரர் வருகிறார். லியாவ் அண்ணனுக்குத் திடீர்க் காய்ச்சல்.
"நீதாம்மா ஏதாவது பண்ணணும்."
"நான் முகம் வரையறவ, முதலாளி."
"குத்திக்காட்டற நேரமா இது?"
வேறு எது நேரம்? என் ஜாடியைக் கேட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நிற்கவே, தலையாட்டினார்.
அலைகளுக்கு நடுவே உள்ளங்கை அளவுதான் வெள்ளை இருந்தது. ஆள் நிற்க இடமில்லை. சித்தரின் கைப்பொருள் வந்தால் அவரே வந்த மாதிரிதானே? ஒரு தாமரை வரைந்தேன். மறுபடி சூளைக்குப் போயிருக்கிறது. வெடித்தால்? தூக்கம் வராது.

மார்ச் 13
வெடிக்கவில்லை. மண்டிக்காரர் உருகிவிட்டார். "அடடா, வெக்கப்பட்டுக்கிட்டு தாமரையை மட்டும் அனுப்பியிருக்காளே! யார் யோசனை?"
"நம்ம லியாவ் அண்ணன்தான்" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல். அண்ணன் காய்ச்சல் தெளிந்து வந்து அடக்கமாகக் குனிந்தார்.
களிமண் மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதேன். சே.

மார்ச் 20
புதிதாக ஆறு ஜாடி கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஏழு ஆண், ஒரு தாமரை. என் கையாலேயே ஹே தேவியை ஜாடியை விட்டு அனுப்பிவைத்துவிட்டேன். சபாஷ், சுன்யீ.

ஏப்ரல் 2
முதலாளி எனக்குக் கொடுத்த வாக்கை அவர் மனைவி நினைவுபடுத்தினாராம், மூன்று நாள் உப்பில்லாத சோறு போட்டு. வெள்ளை ஜாடி என் மேசைக்கு வந்துவிட்டது.
"எட்டும் இருக்கணும், ஆமா!" என்று முதலாளி மிரட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11
முடித்தேன். கழுத்து, கை, பாதம், அலை, எல்லாம் நான். ஹே தேவி ஒருத்தியே ஜாடி நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைச் சுற்றி மற்ற ஏழு சித்தர்களின் கைப்பொருள்கள், ஊன்றுகோல், வாள், விசிறி, புல்லாங்குழல், பூக்கூடை, தாளக்கட்டை, மூங்கில் பறை மிதக்கின்றன.
"ஆம்பளைங்க எங்கம்மா?"
"வெக்கப்படறாங்க, முதலாளி."
ஜாடியை மூன்று முறை சுற்றி வந்து விரல்விட்டு எண்ணினார். எட்டு சரியாக இருந்தது.
அடியில் என் பெயர் இன்னும் காயவில்லை.