வலைநூல் திரி

இயேசு மரி சூசை துணை

பாம்பன்
12.10.1966

அன்பு மகள் பிச்சையம்மாளுக்கு அய்யா ஆசீரோடு எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பம்பாயில் நீயும் மருமகனும் பேரனும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு.

தம்பி சந்தியாகுவுக்கு இந்தக் கல்லறைத் திருநாளிலாவது ஆத்துமப் பூசை வைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். தனுஷ்கோடிக்குப் போனவனைப் புயல் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, உடம்பும் கிடைக்கவில்லை, ஆனாலும் அவள் கதவுக்குக் கொண்டி போட விடுவதில்லை, சோறு வடித்ததும் அவன் தட்டில் ஒரு கை வைத்துவிட்டுத்தான் எனக்குப் போடுகிறாள். போன வாரம் பட்டப்பகலில், கிணற்றடியில் அவன் இருமினான் என்றாள். நான் திட்டினேன். திட்டிவிட்டு நானும் போய்ப் பார்த்தேன்.

போன வருஷம் நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை. அவன் திரும்பி வரவேண்டும் என்று அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் அம்மா தினமும் ஏற்றிய மெழுகுதிரிகள் உருகி வழிந்ததை எல்லாம் சுரண்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். கல்லறைத் திருநாள் வந்தபோது, அவனுக்குக் கடைத் திரி வேண்டாம், இதிலேயே ஒன்று செய்து தாருங்கள் என்றாள், அவள் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது என்று நானும் உட்கார்ந்தேன். மெழுகை உருக்கிப் குழலாயிருக்கும் பப்பாளி இலைக் காம்புக்குள் ஊற்றினேன், நடுவில் திரிக்கு அவனுடைய பழைய வலையிலிருந்து நூல் பிரித்துப் போட்டேன். பிள்ளை கைபட்ட நூல் என்ற ஆசைதான், வேறொன்றும் யோசிக்கவில்லை. கல்லறையில் உன் தாத்தா சிலுவைக்குப் பக்கத்தில் அதை நட்டு ஏற்றினோம். காற்றே இல்லை, சுற்றிலும் அத்தனை பேருடைய திரியும் எரிகிறது, நம்முடையது மட்டும் மூன்று தரம் அணைந்தது. அம்மா அதைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, எம்புள்ள செத்திருந்தா எரிஞ்சிருக்கும்ல, அவன் உசுரோட இருக்கான், வாங்க போவோம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள் தாயி.

அன்றிலிருந்து உன் தம்பி பெண்சாதி ஞானம்மாள் பாடுதான் பாடு. இருபத்திரண்டு வயது. பரமக்குடியில் ஒரு நல்ல இடம் கேட்டு வருகிறார்கள், அவளைப் பெற்றவர்கள் என் வாயைப் பார்க்கிறார்கள். புருசன் இருக்கையில இன்னொரு கலியாணமா என்று அம்மா சண்டைக்குப் போகிறாள். போன ஞாயிறு கோயிலில் ஞானம்மாள் என்னிடம் வந்து, மாமா, நான் யாருன்னு நீங்களாவது சொல்லுங்க என்று கேட்டாள். பூசைக்கு மணி அடிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

பதில் எனக்குத் தெரியும், அதுதான் பாவம். வலைநூல் கடல் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க அதை மரப்பட்டைச் சாற்றில் அவிக்கிறோம், அதன் மேல் வருஷக்கணக்கில் உப்பு. அது எங்கே எரியும். நாற்பது வருஷம் வலை அவித்தவன் நான், அன்று கல்லறையிலிருந்து வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது, ஆனால் அம்மா சிரிக்கிறபோது சொல்ல வாய் வரவில்லை. நேற்று அவள் தண்ணீருக்குப் போன நேரம் மீதி மெழுகில் நல்ல பஞ்சுத் திரி போட்டு ஒன்று செய்து ஏற்றினேன். கடைசி வரை நின்று எரிந்தது. அது எரிய எரிய நான் அழுதேன் தாயி. எல்லாம் தெரிந்த நானும் அவன் வருவான் என்றுதான் இருந்திருக்கிறேன்.

இந்த வருஷமும் திரி நான்தான் செய்யவேண்டுமாம், அதே நூலில். பஞ்சும் வலைநூலும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. மருமகனிடம் கேட்டு, அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எப்படியாவது வந்து சேர். பஞ்சுத் திரி எரிகிறபோது அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நீ வராவிட்டால் என் கை எதை எடுக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பேரனுக்கு என் முத்தம். பதிலை அம்மா பெயருக்குப் போடாதே, என் பெயருக்குப் போடு.

உன் அய்யா
சவரிமுத்து