நடுவில் நின்ற லிஃப்டும் உன் அப்பாவின் பாட்டும்

என் செல்ல வாலுக்கு,

சித்தப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே நன்றாக இருப்பாய், மெலிந்திருந்தால் மட்டும் மறைக்காமல் எழுது. நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். நீ போனில் "வயசாச்சுப்பா, இனிமே லிஃப்ட் மேல ஏறி ரிப்பேர் பாக்காதீங்க" என்பாய், உன் அப்பா "யாருக்குடி வயசாச்சு?" என்று போனை வைப்பார், அப்புறம் இருவரும் உம்மென்று இருப்பீர்கள் என்று அப்படியே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. நேற்று உன் அம்மா, "அப்பனும் மகளும் பேசிக்க மாட்டாங்களாம், நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று என் பக்கம் கரண்டியை ஆட்டினார். நான் என்ன செய்தேன் பாவம். இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி சித்தப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முடிகிற வரை நான்தான் பேசுவேன்.

மாதக் கடைசியில் உன் அப்பாவுக்குப் பிறந்தநாள். நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது வந்த பிறந்தநாளை மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் என்னைப் போல யாராலும் சொல்ல முடியாது. நாம் குடியிருந்த கட்டடத்துக்கு அப்போது நான்தான் காவல், இருபது மாடி. சரி, ஏழு. சாயங்காலம் உன் அப்பா கேக் பெட்டியோடு வந்தார், லிஃப்ட் ஏன் முனகுகிறது என்று நான் கேட்டதற்கு, "நம்ம கை பட்ட லிஃப்ட் நிக்கிறதாவது?" என்றார். "அண்ணே, இன்னைக்கு நிக்கும் பாருங்க" என்றேன். அவர் ஏறினார், நின்றது, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். நான் மூன்றே தாவலில் மேலே போனேன், எனக்கு முன்னால் நீ அங்கே தரையில் உட்கார்ந்து கதவு இடுக்கில் வாயை வைத்திருந்தாய். மாட்டிக்கொண்டவர்களிடம் உன் அப்பா எப்படிப் பேசுவாரோ அதே குரலில், "பயப்படாதீங்க சார், நான் வெளியிலதான் நிக்கிறேன், மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ஒரு பாட்டுப் பாடுங்க" என்றாய். உள்ளேயிருந்து அவர், "ஏய் வாலு, அம்மாவைக் கூப்பிடு" என்றார். "அம்மா அப்புறம் சார், முதல்ல பாட்டு" என்று போட்டாயே ஒரு போடு! அவருக்கு எந்தப் பாட்டு தெரியும்? கண்ணெதிரே ஒட்டியிருந்த அறிவிப்பை ராகம் போட்டு இழுத்தார். கதவில் சாயாதீர்கள், எட்டுப் பேருக்கு மேல் ஏறாதீர்கள், தீப்பிடித்தால் மாடிப்படியில் இறங்குங்கள். கட்டடமே கூடிக் கைதட்டியது, எதிர்த்தெரு நாய்கள் பின்பாட்டுப் பாடின, இதில் மிகையே கிடையாது. கடைசியில் நான் வெறுங்கையால் கதவைப் பிளந்தேன், அவரோடு வேலை பார்க்கும் கூட்டாளி சாவியை வைத்துக்கொண்டு கொஞ்சம் ஒத்தாசை செய்தார். திறந்தால் பாதி கேக்கைக் காணோம், மீசையெல்லாம் கிரீம். "பதட்டத்துல தின்னுட்டேன்" என்றார். "பயப்படாதீங்கன்னு சொன்னேன்ல?" என்று நீ இடுப்பில் கை வைத்து அதட்ட, அவர் உன்னைத் தூக்கிச் சிரித்த சிரிப்பில் உன் தலையெல்லாம் கிரீம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ அந்த "பயப்படாதீங்க சார்" வசனத்தைச் சொல்வதும் அவர் அறிவிப்பைப் பாடுவதும் நின்றதே இல்லை. கண்காணாத ஊருக்குப் போன பிறகும் போனில் நடந்தது. இந்த வருஷம் நின்றுவிடுமோ என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு ரகசியம் சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் அப்பா இப்போது லிஃப்ட் மேல் ஏறுவதே இல்லை. கூட்டாளிதான் ஏறுகிறார், இவர் கீழே டார்ச் அடித்துக்கொண்டு அதிகாரம் பண்ணுகிறார், அதைக் கேட்பதற்கு அந்த மனுஷன் குதித்துவிடலாம். நீ சொன்னதைக் கேட்டுவிட்டார், கேட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது என் கையைப் பிடித்துக் கண்கலங்கி, "டேய், இந்த வருஷமும் கூப்பிடுவாளான்னு கேட்டு எழுதுடா" என்றார். நான் தேற்றினேன். ஆகவே கூப்பிடு. வாழ்த்துச் சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே, வயசைப் பற்றி மூச்சு விடாதே, அவர் எடுத்ததும் அந்த வசனத்தை மட்டும் சொல்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஈரத்தலையோடு தூங்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியும், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எதையும் முன்கூட்டியே அறிந்த,
உன் சித்தப்பா

பி.கு.: மனசு கேட்கவில்லை. கண்கலங்கி எழுதச் சொன்னார் என்றேனே, அது நானாகச் சேர்த்தது. உண்மையில் அவர் சொன்னது, "அவளுக்கு ஒண்ணும் எழுதித் தொலைக்காதே" என்பதுதான். சொல்லிவிட்டு, உறை மேல் உன் விலாசத்தை நான் கிறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் கையெழுத்துக்கு இது வேற தேசத்துக்குப் போயிடும், இப்படிக் குடு" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். உறையைக் குப்பையில் போட்டிருந்தால் எடுத்துப் பார்.