முப்பத்திரண்டு என்று எழுதிய மதியம்

லாத்தா,

இன்று காலை சமையலறை அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் செய்தேன். பாம்புகளை என் வீட்டுக்கு அனுப்பியபோது கூடவே நீங்கள் அனுப்பிய பிளாஸ்டிக் பை அங்கேதான் கிடக்கிறது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்ட பை. போன வருஷம் டாக்ஸியிலிருந்து இறக்கும்போதே கையால் தடவிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவிழ்க்காமலே உள்ளே தள்ளிவிட்டேன். இன்று அவிழ்த்தேன். ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. மேலாகச் சிவப்பு மூடி தெரிந்தது. உங்கள் வெந்நீர்ப் பை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் என்னைத் தூக்கிவிட ஆள் வைக்க வேண்டும் என்று கேலி செய்வீர்களே, மூட்டு இப்போது இன்னும் மோசம்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆறு வருஷமாக இருக்கிறது. நீங்கள் இருந்தவரை சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லி யாருக்கும் பயனில்லை, அதனால்தான் சொல்ல வாய் வருகிறதோ என்னவோ.

யாங்கோனில் க்யிம்யிண்டைங் சந்தையில் உங்கள் துணிக்கடைக்கு நான் எத்தனை வருஷம் வந்திருப்பேன். டீச்சர்கள் இடுப்பில் சுற்றும் பச்சைத் தமைன் துணி உங்களிடம்தான் சாயம் போகாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு நீங்கள் வெட்டிக் கொடுத்த பச்சைதான். எல்லா பர்மாக்காரர்களையும் போல நீங்களும் என்னை ‘சயாமா’ என்றுதான் கூப்பிட்டீர்கள், டீச்சரம்மா. உங்கள் வீடுகளில் அக்காவை அழைக்கும் ‘லாத்தா’வை நான் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் துணியை அளந்துகொண்டே கேட்டீர்கள்:

“சயாமா, நீ பட்டாணிச் செடிப் பாடம் நடத்துறவதானே? பாம்புக்கும் அதே கணக்குதானா?”

பெற்றோர் குணம் பிள்ளைக்கு இறங்கும் கணக்கைத்தான் கேட்கிறீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே கடை மாடியில் இருந்த உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினீர்கள். உங்கள் மகன் பாங்காக் போகும்போது விட்டுப்போன பால் பைத்தான்கள். ஆப்பிரிக்க மலைப்பாம்பு, ஆள் உயரம்கூட வளராது, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், பெயரில் உள்ள ‘பால்’ அந்தப் பந்துதான். வித்துருங்க உம்மா என்று மகன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். நீங்கள் பிஸ்மி சொல்லி இழுப்பறையைத் திறந்து எலி போடக் கற்றுக்கொண்டீர்கள். அவன் ஆசையாக வளர்த்ததை எந்தக் கையில் கொடுப்பது என்று என்னிடம் கேட்டீர்கள். வீட்டில் அவன் விட்டுப்போனது அவை மட்டும்தான்.

முதல் முறை ஆறு முட்டை. வைத்த பக்கம் மாறக்கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் புள்ளி வைத்தீர்கள். தெர்மகோல் பெட்டி, அதற்குள் சூட்டுக் கம்பி, ஈரம் காக்கும் மண்துகள், முப்பத்திரண்டு டிகிரி சூடு, ஏறக்குறைய அறுபது நாள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ மாண்டலேயில் உங்கள் நாத்தனார் மகளுக்கு நிக்காஹ் வந்தது. சாவியை என் கையில் வைத்தீர்கள். மூன்று நாள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நீ படித்தவள், உன்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டேன் என்றீர்கள்.

இரண்டாம் நாள் மதியம் மின்சாரம் போனது. யாங்கோனில் அது ஒரு செய்தியா? ஆனால் பேட்டரியும் படுத்துவிட்டது. சூடு முப்பதானது, இருபத்தொன்பதானது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்படி ஆனால் வெந்நீர்ப் பையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, துண்டில் நன்றாகச் சுற்றி ஓரமாக வை என்று நீங்கள் சொல்லித்தான் போயிருந்தீர்கள். நான் கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றினேன். துண்டும் சுற்றவில்லை. முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டு, உங்கள் மேசையில் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன். தாள் திருத்த உட்கார்ந்தால் எனக்கு உலகம் தெரியாது. திரும்ப வந்து பார்த்தபோது முப்பத்தாறு. அதற்கு முன் எவ்வளவு ஏறி இறங்கியதோ.

மூடியைத் திறந்து முறத்தால் விசிறினேன். பை சாய்ந்திருந்த இடத்தில் தெர்மகோல் உருகி ஒரு பள்ளம். தெருவில் பிள்ளைகள் “மீ லாபி” என்று கத்தினார்கள், மின்சாரம் வந்துவிட்டது. சூடு முப்பத்திரண்டுக்கு இறங்கியபின், பள்ளம் சுவரைப் பார்க்கும்படி பெட்டியைத் திருப்பி வைத்தேன். நோட்டை எடுத்து அந்த மதியத்துக்கு நேராக ‘32’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்து. என் மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஐந்து குட்டிகள் ஊரில் உள்ள எல்லாப் பால் பைத்தானையும் போல, கறுப்பில் பழுப்புத் திட்டுகளோடு வந்தன. ஆறாவதைப் பார்க்க வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தீர்கள். பச்சைத் தமைனோடு பஸ் பிடித்து ஓடி வந்தேன். உங்கள் உள்ளங்கையில் அது சுருண்டிருந்தது. திட்டு ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்க, நம் பெண்கள் அரைத்து முகத்தில் பூசும் தனகாவின் வெளிர்மஞ்சள் நிறம், கழுத்திலிருந்து வால்வரை முதுகில் ஒரே ஒரு கறுப்புக் கோடு.

இது புதுசு என்றீர்கள். இந்த ரத்தத்தில் இப்படி ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது என்றீர்கள். எனக்குத் தோன்றியது வேறு. குட்டியின் தோலில் திட்டும் கோடும் விழுகிற நாட்களில் முட்டையைச் சுட்டுவிட்டால், கோலம் கெட்டுத்தான் பிறக்கும். இது ரத்தமில்லை லாத்தா, என் கெட்டில் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

மகன் போட்டோவைப் பாங்காக் வளர்ப்புக்காரர்களிடம் காட்டினான். சூட்டில் கெட்ட குட்டி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ரத்தத்தில் இருந்தால் மறுபடி பிறக்கட்டும், அப்போது பேசலாம் என்றார்கள். மகனுக்குக் கோபம். நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், சூடு ஒரு டிகிரிகூட மாறவில்லை, எழுதியதும் ஒரு டீச்சர் என்று காட்டலாம் என்றான். நான் உங்கள் பக்கத்தில் வியர்த்து உட்கார்ந்திருந்தேன்.

“நோட்டெல்லாம் வேணாம் மவனே,” என்றீர்கள். “குட்டியே வந்து சொல்லட்டும்.”

என்ன உறுதி இந்த மனுஷிக்கு என்று அன்று நினைத்தேன்.

நிரூபிக்கும் வழியைக் காலண்டரின் பின்பக்கத்தில் நான்தான் வரைந்து கொடுத்தேன். கோட்டுக்குட்டி ஆண். அது வளர்ந்ததும் சாதாரணப் பெண்ணோடு சேர்க்க வேண்டும். பிறப்பதெல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் அந்தக் குணத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். அதில் ஒரு மகளை மூன்று வருஷம் வளர்த்து, திரும்ப அப்பனோடு சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் பாதிக்குப் பாதி கோட்டோடு வரலாம். வந்தால் புது ரத்தம். இல்லையென்றால் என் கெட்டில். இந்தக் கடைசி வரியை மட்டும் நான் எழுதவில்லை. காகிதத்தைப் பாம்பு அடுக்கின் பக்கத்தில் ஒட்டி வைத்தீர்கள், அது மஞ்சளாகும்வரை அங்கேயே இருந்தது.

புது நிறம் ஒன்றை நிரூபிக்கிறவருக்குத்தான் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை. என்ன பெயர் என்று எத்தனை முறை நச்சரித்திருப்பேன். உங்கள் வீடுகளில் பிள்ளைக்கு ஏழாம் நாள்தான் பெயர்.

“ரெண்டாவது ஒண்ணு பொறந்து ஏழு நாள் தங்கட்டும்,” என்றீர்கள். “பேரு எங்கிட்ட இருக்கு.”

வருஷங்கள் போயின. முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று சொல்லவில்லை. ஒரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்குட்டி வளர்ந்து அப்பனானபின் நீங்கள் வைத்துக்கொண்ட இரண்டு மகள்களில் ஒன்று இரை எடுக்காமல் செத்தபோது நீங்கள் அழுதீர்கள். நானும் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஆனால் மற்றதும் போய்விட்டால் இது இதோடு முடியுமே என்று என் மனசு ஒரு கணம் நினைத்தது.

பிறகு உங்கள் நெஞ்சுக்கு வந்தது. நாலு அடி நடக்க முடியாதவர் பாம்பு பார்ப்பது எப்படி, எல்லாம் தின்கன்ஜூனில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கடைசியாக உங்களைப் பார்த்த மதியம், ஜன்னல் பக்கம் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தீர்கள். படகுத்துறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்:

“சயாமா, நா மாண்டலே போயிருந்தப்ப, சூடு முப்பத்திரண்டுதானே இருந்துச்சு?”

“ஆமா லாத்தா. முப்பத்திரண்டுதான்.”

என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள்.

“சரி. மவளை அப்பனோட விட்டுரு. மத்ததை நீ பார்த்துக்க.”

மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

குளிர் மாதங்களில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். அப்பனுக்கு அதன்பின் நெஞ்சில் சளி கட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி, மருந்து ஏறாமல் செத்தது. மகள் ஐந்து முட்டை வைத்தாள். இனி அப்பன் இல்லை, இன்னொரு முறை இல்லை. அந்த ஐந்துதான்.

அந்த நாட்களை எப்படிச் சொல்ல. மின்சாரம் முறை வைத்து வருகிறது, நாலு மணி நேரம் இருக்கும், பிறகு எப்போது என்று தெரியாது. இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றி இணைத்தேன். டியூஷனை நிறுத்தினேன். புத்தர் மாடத்தில் கும்பிட்டேன், முருகன் படத்தில் கும்பிட்டேன், பெட்டியைத் திறக்கும்போது உங்களைப் போலவே பிஸ்மியும் சொன்னேன். பொய்க்காரி கூப்பிட்டால் யார் காது கொடுப்பார் என்று தெரியவில்லை. இருபதாம் நாள் ஒரு முட்டை அமுங்கிப் பச்சைப் பூஞ்சை பிடித்தது. முப்பத்து மூன்றாம் நாள் இன்னொன்று. நாற்பத்தொன்றாம் நாள் பேட்டரி இரண்டும் கைவிட்டன. அலமாரிக்குள் உங்கள் பை இருக்கிறது என்று தெரியும், எடுக்கப் பயந்தேன். பெட்டியைக் கம்பளியால் சுற்றிக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் இருபத்தொன்பது. நோட்டில் ‘29’ என்று எழுதினேன். எழுதும்போது வாய்விட்டு அழுதேன்.

முதல் முட்டை கீறியது, சாதாரணக் குட்டி. மறுநாள் இரண்டாவது, அதுவும் சாதாரணம். மூன்றாவது அசையவே இல்லை. கூடப்பிறந்தவை வந்து இரண்டு நாளானபின் வெட்டலாம் என்று நீங்கள் சொன்ன கணக்குக்குக் காத்திருந்து, சின்னக் கத்தரிக்கோலால் மேல்தோலைத் திறந்தேன்.

தனகா நிறம், லாத்தா. முதுகில் ஒரே கறுப்புக் கோடு. கழுத்திலிருந்து வால்வரை, எங்கும் அறுபடாமல்.

உயிர் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன், ஊதினேன், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட அதற்கு ஒரு பெயர் இல்லை. விரல் விறைக்கும்வரை விடவில்லை.

உங்கள் மகனுக்குப் படம் அனுப்பினேன். உம்மா சொன்னது சரிதான் என்றான். பிறகு, செத்த குட்டியைக் காட்டினால் மறுபடி சூடு என்றுதான் சொல்வார்கள், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். அதுவும் சரிதான். பிறந்து தங்கிய இரண்டில் ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் பார்க்கச் சாதாரணம். இரண்டுக்குள்ளும் அது இருக்கிறது. இனி இவை இரண்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று என்ற கணக்கு, அதுவும் மூன்று வருஷம் கழித்து. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது.

இவ்வளவையும் தரையில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டு, இப்போதுதான் உங்கள் வெந்நீர்ப் பையை முழுதாக வெளியே இழுத்தேன்.

அதற்கு ஓர் உறை போட்டிருக்கிறீர்கள். பச்சைத் தமைன் துணி, இரண்டு மடிப்பு, நடுவில் துண்டுத் துணி வைத்துக் கையால் நெருக்கமாகத் தைத்தது. கழுத்தில் இழுத்துக் கட்ட நாடா. கொதித்த தண்ணீரை ஊற்றினாலும் வெளியே வெதுவெதுப்புத்தான் தெரியும். பச்சை வெளுத்திருக்கிறது, இது போன வருஷம் தைத்தது இல்லை.

பெட்டியின் பள்ளத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மாண்டலேயிலிருந்து வந்த அன்றே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் என் நோட்டைப் பாங்காக் போக விடவில்லை. அதனால்தான் கடைசி மதியம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள், நான் ஆமா என்றேன்.

பாம்புகளோடு வந்த உங்கள் பழைய நோட்டைத் தேடி எடுத்து 32-ஐ அடித்துவிட்டு 36 என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். பிந்தி வந்த குட்டிக்கும் இன்று ஏழாம் நாள். இழுப்பறையில் பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன், பெயரை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். மூன்று வருஷம் கழித்து முட்டை வந்தால் இந்த உறையோடுதான் சூடு வைப்பேன், உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாமே, லாத்தா.