நாற்பத்திரண்டாவது வரி

கிளைக் கிடங்கு
மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அலுவலகக் கடிதம் வந்தது. மேலே 'பெறுநர்: கிடங்குப் பொறுப்பாளர்' என்று அச்சு. கீழே ஓரத்தில் பேனாவால் 'அக்கா, சாப்பிட்டீங்களா?' எதற்கு முதலில் பதில் சொல்வது என்று கொஞ்ச நேரம் முழித்தேன். சாப்பிட்டேன்.

கம்பெனிக்குப் புது சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கிற குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று அத்தை போனில் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "நம்ம சின்னவ முதலாளி பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்குறாளாம்!" இந்தக் கம்பெனியில் உனக்கு வேலை கேட்டுப் போய் நின்றது யார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஓரகத்திக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று அன்றைக்கு என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான். மறைத்து எழுதினாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். பதினைந்து வருஷமாக டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்பவளை விட்டுவிட்டு, ஏசி அறையில் ரசீது ஒட்டுகிறவளைக் குழுவில் போட்டால் எனக்கு வயிறு எரியாதா?

தேர்வு முடிந்ததும் எல்லாக் கிடங்குகளுக்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளர் என்று பேச்சு அடிபடுகிறது. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இப்போது உன் பெயரும் காதில் விழுகிறது.

கிடங்கு வேலைக்கு என்னென்ன தேவை என்று கேட்டிருந்தாய். நாற்பத்தொரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். இங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசினால் அங்கே உன் பக்கத்தில் இருந்து அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்வார். வேனில் போகும் தபால் பைதான் நமக்குத் தோது.

உன் சமையலறை மூலையில் ஏழு கல் மட்டும் மஞ்சளடித்திருப்பதை அத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறாரா? ஒரே டிசைன்தான், ஆனால் வேறு நாள் சூளையில் சுட்ட பெட்டி, ஷேடு மாறிவிட்டது. கவனிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் விடுவதாக இல்லை.

கொழுந்தனை வேளைக்கு மாத்திரை போடச் சொல்.

இப்படிக்கு,
பெரியவள்


தலைமை அலுவலகம்
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாற்பத்தொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். லாரியில் இருந்து இறக்கும்போதே உடைந்ததையும் கிடங்கில் உடைந்ததையும் தனித்தனியாக எழுத இடம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்களே, அதைப் பார்த்து மேலாளர் "அந்தம்மாவுக்கு இருக்கற மூளை இங்க யாருக்கு இருக்கு?" என்றார். நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் மட்டும்தான் பொறாமைப்பட முடியும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் உப்பு கூடினாலும் "பெரியவ கை அளவு வேற" என்கிறார் அத்தை. இங்கே வந்தால் இங்கேயும் நீங்கள்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து செய்து காட்டினார்கள். முதல் ஆள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார். "இது டீ போடுமா?" என்று மேலாளர் கேட்டதற்கும் பாதி தலையாட்டிவிட்டார். அவரை அன்றைக்கே கழித்துவிட்டோம். மீதி இரண்டு பேர். ஒருவர் படக்காரர். போனில் ஒவ்வொரு டைல்ஸும் படத்தோடு வருகிறது, தொட்டால் அறையில் பதித்த மாதிரியே காட்டுகிறது. முதலாளி சொக்கிப்போனார். இன்னொருவர் இருமல்காரர். பேசியதில் பாதி இருமல். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல இருக்கிறது.

நூறு மதிப்பெண்ணுக்குப் போட வேண்டும். அதில் அறுபது உங்கள் பட்டியலை வைத்துத்தான். அதனால் கேட்கிறேன் அக்கா, எதுவும் விட்டுப்போகவில்லையே?

அன்புடன்,
சின்னவள்


கிளைக் கிடங்கு
மார்ச் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

எதுவும் விட்டுப்போகவில்லை.

வியாழக்கிழமை நீ இங்கே வந்ததைச் சொல்கிறேன். முதலாளி காரில் முன் சீட்டில் வந்து இறங்கினாய். எனக்கு அந்தக் காரின் நிறம் தெரியும், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்கள் ஆட்கள் உனக்கு நாற்காலி துடைத்துப் போட்டார்கள். நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன், எனக்குத் துடைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் நீ செய்தது கெட்டிக்காரத்தனம். அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் மூத்த லோடுமேனை, உங்களோடு வந்த அந்த இரண்டு கம்பெனிக்காரர்களின் திரைக்கும் முன்னால் தனியாக உட்கார வைத்து, "யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவரே செய்யட்டும்" என்றாய். படக்காரருக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் லோடுமேன் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்ததும் அவருக்கு உயிர் வந்தது. இருமல்காரரின் கட்டங்களைப் பார்த்து "இது பரீட்சையாம்மா?" என்று கேட்டாரே, நான் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. வந்திருக்காது என்பதுதான் நான்கு நாளாக உறுத்துகிறது.

நீ என்னிடம் தனியாகப் பேச வந்தபோது வேலை இருக்கிறது என்று போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை.

பெரியவள்


தலைமை அலுவலகம்
மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பேசாமல் போனதை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். காரின் உள்ளே சாம்பல் நிறம். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.

மதிப்பெண் போட்டாகிவிட்டது. படக்காரர் எண்பத்தாறு. இருமல்காரர் எழுபத்தொன்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிக் கூட்டம். அன்றே கையெழுத்து. ஒரு தடவை வாங்கிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மாற்ற முடியாது.

உங்கள் பட்டியலை மறுபடியும் பார்த்தேன். இன்னொரு தடவை கேட்கிறேன். நாற்பத்தொன்றுதானா?

சின்னவள்


கிளைக் கிடங்கு
மார்ச் 26

சின்னவளே,

இந்தக் கடிதம் நாளை காலை வேனில் வரும். நீ கூட்டத்துக்குப் போகும் முன் கையில் கிடைக்க வேண்டுமே என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்று இல்லை, நாற்பத்திரண்டு. ஷேடு. ஒரே டிசைனாக இருந்தாலும் ஒவ்வொரு ஷேடையும் தனி ஸ்டாக்காக வைக்க இடம் வேண்டும். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். நான் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அப்புறம், படக்காரரின் திரையில் ஷேடுக்கு இடமே இல்லை என்பதை அவர் இங்கே வந்த அன்றே பார்த்துவிட்டேன். நீ அதை வாங்குவாய், மூன்று மாதத்தில் ஊரெல்லாம் இரண்டு நிறத் தரை போட்டுவிட்டுக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அப்போது முதலாளி என்னைக் கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

இன்று ஒருவர் வந்தார். துண்டில் சுற்றி ஒரே ஒரு கல் கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்கு வீட்டில் தரை போட்டிருக்கிறார், மூன்று கல் குறைகிறது. வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்துச் சேர்த்துக் கொடுத்தேன். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றார். என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

அந்த நாற்பத்தொரு வரித் தாளில் இருப்பது என் கையெழுத்து. முதலாளியிடம் நீயே காட்டிச் சொல்லிவிடு. எனக்கு என்ன நேர்ந்தாலும் சரி.

பெரியவள்


தலைமை அலுவலகம்
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வேன் பதினொன்றரைக்குத்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்குத் தெரியும். உங்கள் தாள் வந்த அன்றே தெரியும். தினமும் அந்த ஏழு கல்லின் மேல் நின்றுதான் பாத்திரம் கழுவுகிறேன். ஷேடு என்ற வார்த்தையே இல்லாமல் நீங்கள் ஒரு பட்டியல் எழுதினால் எனக்குத் தெரியாதா? இரண்டு தடவை கேட்டேன். நீங்களாகச் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டால் அதைவிட நல்லது என்று ஒரு பக்கம் நினைத்தேன். தப்பு நடந்தால் தாளில் இருப்பது உங்கள் பெயர். அப்புறம் யாரும் என்னிடம் வந்து பெரியவள் மாதிரி உண்டா என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா? மூன்று வாரம் அப்படியே இருந்தேன்.

வியாழக்கிழமை மனது கேட்கவில்லை. உங்களுக்காக என்று சொல்ல மாட்டேன். அந்த மூலையில் நிற்கும்போது, நான் போடப்போகும் கையெழுத்தால் எத்தனை வீட்டில் இப்படி நிற்பார்கள் என்று தோன்றியது. உங்கள் பட்டியலை என் கையால் பிரதி எடுத்து நாற்பத்திரண்டாவது வரியைச் சேர்த்தேன். பிரதி என்பதால் கீழே உங்கள் பெயரையும் அப்படியே எழுதிவிட்டேன்.

கூட்டத்தில் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி. "ஒரு டிசைன்ல ஒரு ஷேடு நூத்திருபது பெட்டி, இன்னொரு ஷேடு எண்பது பெட்டி. ஒருத்தருக்கு நூத்தம்பது வேணும். என்ன சொல்லும்?" படக்காரரின் திரை 'ஸ்டாக் உள்ளது' என்று பச்சை விளக்குக் காட்டியது. இருமல்காரரின் கட்டம், ஒரே ஷேடில் அவ்வளவு இல்லை என்று சிவப்பாகி நின்றுவிட்டது. முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "இத்தனை நாளா இத நான்கூடக் கேக்கலயே! யார் யோசிச்சது இது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஒரு நொடி தாமதித்தேன். அதற்குள் மேலாளர் தாளைத் தூக்கி, "கீழ பேர் இருக்கே சார், நம்ம கிளைக் குடோன் அம்மா" என்றார்.

ஆகவே இருமல்காரருக்கு ஒப்பந்தம், உங்களுக்கு நாற்காலி. உத்தரவு இந்த வாரம் வரும். வாழ்த்துகள். இதை எழுதும்போது வயிறு எரிகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த மாதிரி மறைக்காமல் எழுதுகிறேன்.

நாற்பத்தொரு வரித் தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்கிறேன் என்றும் சொல்ல முடியவில்லை.

சின்னவள்


கிளைக் கிடங்கு
ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உத்தரவு வந்தது. வாங்கி மடித்து வைத்தேன். ஒருவரிடமும் காட்டவில்லை.

இந்தக் கடிதத்தோடு வேனில் ஒரு பெட்டி வருகிறது. டிசைன் நின்றுபோய் ஏழு வருஷம் ஆகிறது, எங்கே தேடினாலும் கிடைக்காது. உன் சமையலறைக் கல்தான், சரியான ஷேடு. ஒன்பது வருஷமாக மேல் தட்டில் பின்வரிசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷக் கணக்கெடுப்பிலும் 'மாதிரிக்கு' என்று எழுதி ஒதுக்கிவிடுவேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பெட்டி தவறிப்போய் மாறவில்லை. ஆறு வருஷம் அந்தப் புகையடித்த சமையலறையில் நான் வெந்தேன். ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. நீ மருமகளாக வருகிறாய் என்றதும் சுவரை இடித்தார்கள், புது மேடை, புதுத் தரை. அதற்குக் கல் தேர்ந்தெடுத்து அனுப்புகிற வேலையும் எனக்குத்தான். ஒரே ஒரு பெட்டியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். உன் முகத்தை அப்போது நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. நீ வந்த பிறகு உன்னை எனக்குப் பிடித்துப்போனது, அதற்கப்புறம் சொல்லவும் முடியவில்லை.

டிராயரில் உள்ள தாளைக் கிழிக்காதே. உன்னிடம் இருக்கட்டும். இந்த முறையும் நான் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், ஏழுக்கு மேல் ஒன்று உபரியாக, எட்டுக் கல்லும் சரியாக இருக்கின்றன.

பெரியவள்


தலைமை அலுவலகம்
ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியை இரண்டு வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம். ஏழு கல்லுக்காக இல்லை. 'போனா போகுது, பெரியவளுக்குக் கண்ணு தப்பிடுச்சு' என்று ஒன்பது வருஷமாக அத்தையிடம் உங்களுக்காகப் பரிந்து பேசினேனே, அதற்காக.

போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அத்தை துருவித் துருவிக் கேட்டார். "கம்பெனிக்காரன் அன்னைக்குத் தப்பாப் போட்டுட்டான், இப்பத்தான் மாத்திக் குடுத்திருக்கான்" என்றேன். "பெரியவள நான் சும்மா திட்டிட்டேனோ?" என்று இரண்டு தடவை கேட்டார். உண்மையை நீங்களே சுமந்துகொள்ளுங்கள், நான் சொல்லப் போவதில்லை.

டிராயரில் இருந்த நாற்பத்தொரு வரித் தாளைக் கல்லுக்கு அடியில் வைத்துப் பூசச் சொன்னேன். "காயிதம் வச்சா கல்லு புடிக்காதும்மா" என்றார் கொத்தனார். சரி என்று அடுப்பில் காட்டிவிட்டேன்.

புது சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஷேடு கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் உங்களை நினைக்காமல் தாண்ட முடியவில்லை. சரக்குச் சீட்டெல்லாம் இனித் திரையிலேயே வருவதால் தபால் பை இந்த மாதத்தோடு நிற்கிறதாம். ஆகவே இதற்குப் பதிலை நீங்கள் நேரில்தான் கொண்டுவர வேண்டும்.

மூலை இன்னும் கொஞ்சம் தனியாகத்தான் தெரிகிறது. ஷேடு சரியாகத்தான் இருக்கிறது. ஒன்பது வருஷம் மிதிபட்ட கல்லும் பெட்டியிலேயே இருந்த கல்லும் ஒன்றாகத் தெரியாதாம். "மிதிக்க மிதிக்கச் சரியாயிடும்" என்கிறார் கொத்தனார். விடுமுறைக்கு வரும்போது அந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்று எனக்குப் பாத்திரம் கழுவிக் கொடுங்கள், அக்கா.

சின்னவள்