கொட்டகை நெற்றியில் சுரைக்குடுக்கை

ஹோம்ஸ் கவுண்ட்டி, ஒஹாயோ
ஏப்ரல் மாதம், வியாழன் காலை

அன்பு மகள் வெர்னாவுக்கு,

உன் அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அவரவர் முழங்காலோடு அவரவர் மல்லுக்கட்டிக்கொண்டு. அங்கே மலையடிவாரத்தில் நீயும் ஜோனஸும் குட்டி லோரீனும், நான் இன்னும் தூக்கிப் பார்க்காத கைக்குழந்தையும் அதே இரக்கத்துக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு இருமல் விட்டதா? நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்த்துக் கம்பளித் துணியால் சுற்று. மொன்டானா டாக்டர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நீ வளர்ந்ததும் அதில்தான்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். நீ கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். கொட்டகைதான் எரிந்து போயிற்றே, இருப்பதை விற்றுவிட்டு நிரந்தரமாக இங்கே வந்துவிடுகிறீர்களா, ஜோனஸ் மரம் வெட்டி வைத்திருக்கிறான், உங்களுக்கென்று தனி வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டட்டுமா என்று. நியாயமான கேள்வி. அதைப் படித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தேன், அப்புறம் எடுத்து எடுத்துப் படித்தேன். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் உன் அப்பாவிடமும் இல்லை, வானத்தில் இருந்தது. இப்போது வந்துவிட்டது. முறையாக எழுதுகிறேன், எப்போதும் போலக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே.

பனி இளகியதும் புதுக் கொட்டகை தூக்கினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. நீ பிள்ளை பெற்ற உடம்பு, வர முடியவில்லை, அதனால் அன்று நடந்த ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டேன். நம் சபைக்காரர்கள் போதாதென்று வெளியூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள், முற்றம் முழுக்க வைக்கோல் தொப்பிதான். நானும் பெண்களும் கோழியும் நூடுல்ஸும், பழம் வைத்துச் சுடுகிற ஆப்பிள் பையும் செய்து செய்து கை ஓய்ந்தோம். உன் அப்பா உத்தரக் கட்டை ஏற்றிவர மர அறுப்பு ஆலைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் தச்சு வேலைக்குத் தலைமை தாங்கியவர், பழைய அளவு சின்னது, ரோமன் பாவம் என்று உன் அப்பாவுக்காக இரங்கி, கிழக்கே கொஞ்சம் நீட்டிப் போட்டால் வைக்கோலுக்கு இடம் கிடைக்குமே என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். கிழக்கே என்ன நின்றது என்று உனக்குத் தெரியும். அப்பாவின் மார்ட்டின் குருவிக் கம்பம், வசந்தத்தில் அவை வந்து கூடு கட்டச் சுரைக்குடுக்கைகள் தொங்குமே, அதுதான்! வெளியூர்ப் பிள்ளைகள் சேர்ந்து அதைப் பூப்போலப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, துணி காயப்போடும் இடத்துப் பக்கத்தில், அம்மா பார்த்துக்கொண்டே இருக்கட்டும், நிழலாகவும் இருக்கட்டும் என்று வால்நட் மரத்தடியில் ஊன்றிவிட்டார்கள். மரத்தடியில்! பருந்து ஒளிந்திருக்கும் இடத்துக்கு எந்த மார்ட்டின் வரும்? அடுப்படியிலிருந்து நான் தலையை நீட்டுவதற்குள் பழைய இடத்தில் சுவரே எழும்பிவிட்டது.

அப்பா வண்டியோடு திரும்பி வந்தார். பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், காசு வாங்காமல் வந்து கொட்டகையே தூக்கிக் கொடுத்தவர்களிடம் ஒரு கம்பத்துக்காக யார் வாய் திறப்பது? "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து நூடுல்ஸைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். தீப்பிடித்த அன்றுகூட அந்த மனிதரின் முகம் அப்படி இருக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கம்பத்தைப் பிடுங்கி, கொட்டகைக்கு மேற்கே வெட்டவெளியில் நட்டார். ஆனால் அதுவும் பழைய இடம் இல்லையே. குளிர்காலம் முடிந்து பிரேசிலிலிருந்து வருகிற குருவிக்கு நம் வீட்டு விலாசம் கிழக்கு மூலைதான்.

உன் கடிதம் வந்தது அந்த வாரத்தில்தான். நான் வாசித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, "மார்ட்டின் வந்தா இருப்போம். வரலைன்னா வெர்னாகிட்டப் போயிடுவோம். அந்தக் குருவியும் இல்லாம இந்த இடத்துல எனக்கு என்ன இருக்கு?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "வேதத்துல கிதியோன் ஆட்டுத்தோலை விரிச்சுப் போட்டு அடையாளம் கேட்ட மாதிரி நீங்க ஆண்டவரையே சோதிக்கிறீங்களா? நான் ஒருத்தி இங்க இருக்கேனே, கணக்குல இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். ஆனால் மகளே, உன்னிடம் மறைப்பானேன், அன்றிலிருந்து என் நிலைமைதான் மோசம். காலையில் எழுந்ததும், ஆண்டவரே குருவியை அனுப்பும், இந்த மனிதர் சாப்பிடட்டும் என்று ஜெபிப்பேன். மாலையில் லோரீனின் சின்னச் சட்டைக்கு ஓரம் தைக்கும்போது, அது வராவிட்டால்தான் என்ன, பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே என்று நினைப்பேன். இரண்டு பக்கமும் இழுத்தால் ஆண்டவர்தான் என்ன செய்வார்.

பக்கத்துப் பண்ணை வெர்னன் வீட்டுக் கம்பத்துக்குக் குருவிகள் முதலில் வந்துவிட்டன. அந்த ஆள் சும்மா இருப்பானா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன ரோமன், உன் ஆளுங்களும் என் வீட்டுலயே இறங்கிட்டாங்களா? சாப்பாட்டுச் செலவு உன்கிட்டத்தான் வாங்கணும்" என்று கத்துகிறான். மற்ற வருஷமென்றால் அப்பா பதிலுக்கு ஏதாவது கொடுத்திருப்பார். இந்த வருஷம் தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். வெர்னன் மனைவி அவனை நன்றாகக் கேட்டிருப்பாள் போல, மறுநாள் மேப்பிள் பாகு ஒரு ஜாடி வந்தது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், தொண்டைக்குள் தண்ணீர் உருட்டுகிற மாதிரி அந்தச் சத்தம். கையிலிருந்த ஈரப் போர்வை சேற்றில் விழுந்தது, நான் எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நம் மாப்பிள்ளை! நீ பெயர் வைத்த அதே ஆள்தான், இடது சிறகில் ஒற்றை வெள்ளை இறகு. ஜோனஸ் பெண் கேட்டு வந்த வசந்தத்தில் அவனும் முதல்முறை வந்தான், இரண்டு மாப்பிள்ளைகளில் யார் அழகு என்று நீ அப்பாவைச் சீண்டுவாயே. அவனேதான். ஆனால் மேற்கே இருந்த கம்பத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கிழக்கு மூலைக்கு மேலே வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். புதுக் கூரையில் போய் மோதுகிற மாதிரி வந்து கடைசி நொடியில் விலகினான். கூரை முகட்டில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தான். அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து நாள் முழுக்க அதையே பார்த்தார். "அவன் வீட்டைத் தேடறான் ஃபேனி" என்றார். சாயங்காலம் அவன் போய்விட்டான். மறுநாள் மழையும் குளிரும் பிடித்துக்கொண்டது, பூச்சி பறக்காத குளிர், இந்தக் குளிரில் அவன் எங்கே என்ன தின்பான் என்று ஜன்னலைத் திறந்து திறந்து பார்த்தேன். அப்பா சொல்லிவிட்டார், "வெர்னாவுக்கு எழுதிடு. ஜோனஸ் தோண்டட்டும்."

காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். 'அன்பு மகள் வெர்னாவுக்கு' என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. உன்னிடம் வர எனக்கு ஆசை இல்லையா? ஆசைதான். ஆனால் தோற்றுப்போன மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. பேனாவை மூடிவிட்டு அவரிடம் போய், "அவன் வீடு அந்த உயரத்துலதான் இருக்குன்னு நினைக்கிறான்னா, நாம அங்கயே வச்சுட்டா என்ன?" என்று கேட்டேன். "கொட்டகை மேலயா? ஜனங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். "ஜனங்க சொல்றதை நான் பார்த்துக்கறேன், நீங்க முழங்காலைப் பார்த்துக்குங்க" என்றேன். சனிக்கிழமை வைக்கோல் பரண் வழியாக ஏறி, கிழக்கு முகப்பின் நெற்றியில் கம்பத்தை இரும்புப் பட்டை போட்டு முடுக்கி, குறுக்குக் கம்பிகளையும் மாட்டிவிட்டார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வேதத்தில் தெரிந்த சங்கீத ஜெபம் எல்லாம் சொல்லி முடித்தேன். குடுக்கைகளை மாட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, வேலை செய்யக்கூடாது. திங்கள் காலையில்தான், வைக்கோல் தூக்கும் கப்பியில் கயிறு கட்டி, நான் கீழேயிருந்து இழுக்க, அவர் மேலேயிருந்து ஒவ்வொன்றாக வாங்கி மாட்டினார். சிட்டுக்குருவி நுழைந்து இடம் பிடிக்காமல் இருக்க, வழக்கம்போலக் குடுக்கைகளின் வாயில் துணி அடைத்தே வைத்தோம், மாப்பிள்ளைக்காக மட்டும் இரண்டைத் திறந்துவிட்டோம்.

இதில் நாங்கள் யோசிக்காமல் விட்டது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகிற குதிரை வண்டி எல்லாம் நம் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். குடுக்கை இல்லாமல் மொட்டைக் கம்பமும் குறுக்குக் கம்பியும் கூரைக்கு மேலே நின்றால் அது பார்க்க என்ன மாதிரி இருக்கும், சொல்? ஆராதனை முடிந்து சாப்பிடும்போது பெண்கள் என்னிடம் ஊறுகாய் ஜாடியை நீட்டிய விதமே சரியில்லை. எனக்கு உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, வெயில் சாய்வதற்கு முன்னால், சபை ஒழுங்கைக் கவனிக்கிற டீக்கன் நோவா வந்து குதிரையைக் கட்டினார். மழையைப் பற்றிப் பேசினார், சோளத்தைப் பற்றிப் பேசினார், என் முழங்காலை விசாரித்தார். முழங்காலை விசாரிக்க டீக்கன் வீடு தேடி வருவாரா? சபையில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். காபியும் ஆப்பிள் பையும் வைத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டு முடித்து, தாடியைத் துடைத்துக்கொண்டு, "ரோமன், மனசுல வச்சுக்காதே, கேக்க வேண்டியது என் கடமை. நம்ம சபைக்கே ஆகாத டெலிவிஷனோட ஆன்டெனா கம்பி கொட்டகை மேல நிக்குதுன்னு சொல்றாங்களே, நானே ஞாயித்துக்கிழமை பார்த்தேனே" என்றார்.

அப்பாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. "சுரைக்குடுக்கையில படம் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே நோவா, வாங்க, நீங்களும் வந்து பாருங்க" என்று அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள் அது. மூன்று பேரும் முற்றத்துச் சேற்றில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். வெள்ளைக் குடுக்கைகள் காற்றில் லேசாக ஆடுகின்றன. ஒன்றும் இல்லை. டீக்கன் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து, வெர்னன் பண்ணைப் பக்கமிருந்து ஒரு கறுப்புப் புள்ளி நேராக வந்தது. மாப்பிள்ளைதான்! தனியாக இல்லை, சாம்பல் நெஞ்சோடு ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு. ஒரு சுற்று, இரண்டாம் சுற்றுகூட முழுசாக இல்லை, திறந்திருந்த குடுக்கைக்குள் தன் வீட்டுக்குள் போவது போலப் போனான். உள்ளேயிருந்து தலையை நீட்டி, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று திட்டுவது போல எங்களைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடினான். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. டீக்கன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். கடைசியில், "படம் நல்லாத்தான் இருக்கு ரோமன். நான் சொல்லிக்கறேன்" என்றார். போகும்போது மிச்சம் இருந்த ஆப்பிள் பையையும் கட்டிக் கொடுத்தேன்.

அன்று இரவு உன் அப்பா மூன்று முறை நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். நேற்று இன்னும் நாலைந்து குருவிகள் வந்துவிட்டன, குடுக்கைகளில் அடைத்த துணி எல்லாம் எடுத்துவிட்டோம், காலையில் ஒரே கூச்சல். இன்றைக்கு வேலியோரம் வெர்னனிடம், "சாப்பாட்டுச் செலவு எவ்வளவு ஆச்சு, சொல்லு" என்று அப்பாவே போய் வம்புக்கு நின்றார்.

ஆகவே பதில் உனக்குப் புரிந்திருக்கும். விற்கவில்லை. இதைப் படித்து நீ அழுவாய், எனக்குத் தெரியும், எழுதும்போது எனக்கும் கண் மறைக்கிறது. ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லை. நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் நான் லோரீனின் சட்டையை மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உன் அப்பா சொன்னார்: "ஆகஸ்ட் முடிஞ்சா மாப்பிள்ளைக் குருவி குடும்பத்தோட கிளம்பிடுவான். அப்புறம் வசந்தம் வரைக்கும் இங்க நமக்கு என்ன வேலை? கிடேரிகளை வெர்னன் பார்த்துக்குவான். குருவிக்கு ரெண்டு வீடு இருக்கலாம், நமக்கு இருக்கக் கூடாதா?" வாய் திறந்தால் மனம் மாறிவிடுவாரோ என்று மடித்த சட்டையையே மறுபடி மடித்தேன். இன்று காலை பார்த்தால், வேன் ஓட்டுகிற இங்கிலீஷ்காரரிடம், நம் சபைக்கு வெளியாள்தானே கார் வேன் ஓட்டலாம், அவரிடம் மொன்டானா ரயில் எந்த ஊரில் ஏற வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். குருவி போனதும் வருவோம், குருவி வருவதற்கு முன் திரும்புவோம். ஜோனஸிடம் சொல், வீடு வேண்டாம், அடுப்புப் பக்கமாக ஒரு அறை போதும்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, பிள்ளைகளின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே, பால் கொடுக்கிற உடம்பு. ஒன்று மட்டும் மறக்காதே: ஜோனஸின் தம்பிமார் எங்கே இடம் கிடைத்தாலும் மூட்டையோடு நுழைந்துவிடுவார்கள். நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அந்த அறைக் கதவுக்குத் துணி அடைத்து வை.

உன்னைப் பார்க்க நாள் எண்ணும் அம்மா,
ஃபேனி