கடலில் தொங்கிய இரண்டு தகடுகள்

ஜோகூர் பாரு
12.3.2023

திரு. காளிதாஸ் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருந்தும் போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் இரண்டு எஃகுத் தகடுகள் இருக்கின்றன. ஒன்றில் வெறும் நிக்கல் பூச்சு. சிவப்புக் கயிறு கட்டியது என்னுடையது. அதில் நிக்கலோடு கார்பன் நானோகுழாய்களைக் கலந்து பூசியிருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத கரிக் குழல்கள் அவை. பூச்சு எளிதில் தேயாது, துருவும் சீக்கிரம் அண்டாது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வந்துவிட்டது, நிஜக் கடல்தான் பாக்கி. பொந்தியானில் உங்கள் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் படகுத்துறையில் இரண்டையும் நவம்பர் வரை தொங்கவிட முடியுமா?

இது சரியாக வந்தால் என்னை எங்கள் கம்பெனியின் பினாங்குக் கிளைக்குப் பொறுப்பாக அனுப்புவார்கள். பிறகு வீட்டை விற்பது பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

ஷாமளா

பொந்தியான்
2.4.2023

அன்புள்ள ஷாமளா,

இருபது வருடம் என் கையால் தேத்தண்ணீர் குடித்தவள் 'திரு' போட்டு எழுதுகிறாய். அரசாங்கக் கடிதமோ என்று பயந்துவிட்டேன்.

தகடுகளைக் கட்டிவிட்டேன். பக்கத்துப் படகு மணியம் அண்ணன், "என்னப்பா, மீன் பிடிக்க இரும்பத் தொங்க விடுறியா?" என்றார். "என் சம்சாரம் செஞ்சது லா, கை வச்சிராதீங்க" என்றேன்.

கல்யாணமான வருடம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா படகைத் தள்ளும் விசிறியின் தண்டு சேற்றில் தேய்ந்து, உப்பில் அரித்து, மழைக்காலம் வந்தாலே என் உயிரை வாங்கும். நீ மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "இருங்க, ஒரு நாளைக்கு இதுக்கு நான் மருந்து கண்டுபிடிக்கிறேன்" என்பாய். நான் சிரிப்பேன். அந்த மருந்துதான் இப்போது கயிற்றில் தொங்குகிறது. அது ஜெயித்தால் நீ இன்னும் தூரமாகப் போவாய், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

காளி

ஜோகூர் பாரு
6.11.2023

காளிதாஸுக்கு,

தகடுகள் வந்து சேர்ந்தன. வெறும் நிக்கல் தகட்டில் ஆங்காங்கே துரு. அது எதிர்பார்த்ததுதான். என் தகட்டின் நடுவில் மட்டும் வட்டமாக ஒரு கறை, பூச்சு அரித்திருக்கிறது. கடல் அப்படி வட்டம் போடாது. நான் போகக்கூடாது என்று எதையோ ஊற்றியிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதினீர்கள். எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது.

ஷாமளா

பொந்தியான்
10.11.2023

அன்புள்ள ஷாமளா,

உன் உழைப்பை நான் கெடுப்பேனா? படித்ததும் வலித்தது.

ஆயுத பூஜையன்று பட்டறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். உன் தகட்டை மட்டும் தண்ணீரில் விட மனம் வரவில்லை. எடுத்து வந்து உன் மீன் பெட்டிமேல் வைத்து, குங்குமம் தடவிய பாதி எலுமிச்சம்பழத்தை அதன்மேல் கவிழ்த்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்று நீதான் என்னை அதட்டுவாய். தொடவில்லை. புளிப்பு பூச்சைத் தின்னும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐயோ, அலமாக்! மறுநாள் கழுவித் திரும்பக் கட்டிவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று உன் மேலாளரிடம் சொல். புதுத் தகடு அனுப்பு, கிட்டேயே போகமாட்டேன். நீ பினாங்குக்குப் போ.

காளி

ஜோகூர் பாரு
3.12.2023

என்னங்க,

தகட்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தேன். பழம் இருந்த இடத்தைத் தவிர, கடல் அதை ஒன்றுமே செய்யவில்லை. நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டேன். எங்கள் சீன மேலாளர் படித்துவிட்டு, அடுத்த தடவை உங்களுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லிச் சிரித்தார். பினாங்கு உறுதியாகிவிட்டது. ஜனவரியில் போகிறேன்.

உங்களைச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. கறை பட்ட துண்டு அலுவலகத்துக்குத் தேவையில்லை என்றார்கள். நானே எடுத்துக்கொண்டேன். பினாங்கில் என் மேசைமேல் இருக்கும்.

வீட்டை விற்க வேண்டாம். மீன் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு இப்போதே விடுப்பு கேட்டுவிட்டேன். நான் வரும்வரை பழத்தை நறுக்காதீர்கள்.

உங்கள்
ஷாமளா