என் பெயருக்கு எதிரே காலி இடம்

இன்று காலையில் உன் மகள் வந்தாள். உன் பீரோவை ஒழிக்கும்போது கிடைத்ததாம், ஒரு காகிதத்தை நீட்டினாள். பாச்சை உருண்டை வாசனை. பிரித்ததுமே தெரிந்துவிட்டது. நம் மாடுகள் மேயும் மேய்க்கால் புறம்போக்கைக் கம்பெனிக்குத் தரக்கூடாது என்று நீ எழுதிய மனு. அடியில் உன் கையெழுத்து, இன்னும் இரண்டு வார்டு மெம்பர்கள் கையெழுத்து. என் பெயருக்கு எதிரே மட்டும் காலி.

மூணாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. பெண்களுக்கு ஒதுக்கிய சீட்டில் நீ தலைவர், நான் வார்டு மெம்பர். ஜெயித்த வருஷம் கிருஷ்ணகிரியில் பயிற்சி என்று கூட்டிப் போனார்கள். மேடையில் ஒருவர், "டெல்லியில இருந்த அதிகாரம் இப்ப உங்க கைக்கே வந்திருச்சு" என்றார். நீ என் காதில், "வந்திருச்சாம்க்கா. மெட்ராஸ்ல இறங்கி டீ குடிச்சிட்டு இருக்குது போல" என்றாய். பஸ்ஸில் குந்தாரப்பள்ளி தாண்டியும் சிரிப்பு அடங்கவில்லை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். கிராம சபைக்கு ஆள் வராது. கிளார்க் நோட்டோடு வீடு வீடாக வந்து முதலில் கையெழுத்து வாங்குவார், தீர்மானத்தை அப்புறம் மேலே எழுதிக்கொள்வார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று எழுதிய வரைக்கும் யாரும் கேட்கவில்லை. அந்தத் தடவையும் களி கிண்டிய கையோடு போட்டுக் கொடுத்தேன். மேய்க்காலைக் கம்பெனிக்குக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று மேலே எழுதியிருந்தார்கள். கல் நட ஆள் வந்தபோதுதான் தெரிந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில், ஊரே பார்க்க, "என் கையெழுத்தை வித்துத் தின்னுட்டியேடி!" என்று கத்தினேன்.

"எங்கிட்டயும் வெத்துத் தாள்லதான்க்கா வாங்கினாங்க" என்றாய்.

உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர், "பொம்பளைங்க சண்டை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவர் மேல் போக வேண்டிய கோபத்தையும் சேர்த்து உன் மேல் போட்டேன்.

பத்து நாள் கழித்து இந்தக் காகிதத்தோடு வந்தாய், அவருக்குத் தெரியாமல். ஏழு பேரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் கூட்டம் கூட்டி அந்தத் தீர்மானத்தை ரத்து பண்ணலாம் என்று யாரிடமோ விசாரித்திருந்தாய். மூன்று சேர்ந்துவிட்டது. நான் கதவைத் திறக்கவில்லை. "இனி உன் தாள்ல கை வைக்க மாட்டேன், போடி" என்றேன். கெஞ்சும்போது உனக்குத் தெலுங்குதான் வரும். "ஒக்க சந்தகம், அக்கா. ஒக்கட்டே." ஒரே ஒரு கையெழுத்து. எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். கதவிடுக்கில் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

மேய்க்காலைச் சுற்றிச் சுவர் எழும்பியது. மேய்க்க இடமில்லாமல் என் இரண்டு மாட்டையும் சந்தையில் விற்றுவிட்டு வந்தேன். தெருவில் என்னைக் கண்டால் நீ நிற்பாய், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். உனக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், போகவில்லை. ஓசூர் ஆஸ்பத்திரி என்றார்கள், போகவில்லை. எடுக்கிற அன்றைக்கு வந்தேன். அப்போது நீ முகத்தைத் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை. என்ன பிரயோசனம்?

இப்போது கிராம சபைக்கு நான்தான் முதல் ஆள். எழுதி, வாசித்துக் காட்டினால்தான் பேனாவைத் தொடுவேன். "கெழவி வந்துட்டா, இனி பொழுது போயிரும்" என்கிறார்கள். போகட்டும்.

"விடுங்க பெரிம்மா, நீங்க போட்டிருந்தாலும் மேல இருக்கறவங்க குப்பையிலதான் போட்டிருப்பாங்க" என்றாள் உன் மகள். போட்டிருக்கலாம். அப்படியென்றால் குப்பையில் போட்டது அவர்களாக இருந்திருக்கும், நானாக இல்லை. நீ சொன்ன மாதிரி அந்த அதிகாரம் மெட்ராஸில் இறங்கி டீ குடிக்கவில்லையடி. என் வாசல் வரைக்கும் வந்து வெயிலில் நின்றது.

உன் மகள் போன பிறகு பேனாவை எடுத்தேன். இடம் அப்படியே இருக்கிறது. போட்டு யாரிடம் கொடுப்பேன்?